பசித்த பற்றரிகள்

இப்போது வருகிற பற்றரிகள் தங்கள் நிலைமையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய அலுவலகத்தில் இருந்தபடியே, தெஹிவளையில் ஒரு வீட்டுப் பற்றரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று கைத்தொலைபேசியில் பார்க்கலாம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அங்கே போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த இருவர் அதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப உங்கட காலத்தில எப்பிடி அங்கிள் பழுது கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"போய்ப் பார்த்தோம். கதைச்சோம்" என்றேன்.

அவர்களுக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் துறைமுகப் பக்கத்தில் தொடங்கியது. களஞ்சியங்களில் பாரம் தூக்கும் சிறு வண்டிகள் பற்றரியில் ஓடின. கொச்சிக்கடைக்குக் கிட்ட ஒரு பட்டறையில் அந்தப் பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் வேலை எனக்கு. அமிலம் தெறித்துத் தெறித்து என் காற்சட்டைகள் எல்லாம் சல்லடை ஆகிவிடும். துவைக்கும்போது துணி கையோடு வந்துவிடும். மோதிரமும் மணிக்கூடும் கழற்றாமல் பற்றரிக்குக் கிட்டப் போகக் கூடாது; ஸ்பானரின் பிடிக்கு மின்சாரம் கடத்தாத ரேப் நாடா சுற்ற வேண்டும்; அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். என் பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான். பிறகு சோலார் போடுகிற ஒரு சிறு நிறுவனத்தில் பழுது பார்ப்பவனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

நீண்ட மின்வெட்டுக் காலம் வந்தபோது கொழும்பில் எல்லோருக்கும் சோலார் வேண்டியிருந்தது. ஓர் அறைக்கு, ஒரு கடைக்கு என்று, பொது மின்சாரத்தோடு தொடுப்பே இல்லாமல், கூரையில் நாலு பனல், கீழே நாலு பற்றரி, நடுவில் சார்ஜை அளந்து விட ஒரு கொன்ட்ரோலர், அதை வீட்டு மின்சாரமாக மாற்ற ஓர் இன்வேர்ட்டர் என்று பூட்டிக் கொடுத்தோம். பூட்டிய வேகத்திலேயே முறைப்பாடுகளும் வந்தன.

பெரும்பாலானவை சின்ன விசயங்கள். கடற்கரைப் பக்கத்துப் பனல்களில் உப்புப் படியும். அதற்கு மேல் காகம் எச்சமிடும். கொட்டாஞ்சேனையில் ஒருவர் பற்றரிக்கு விற்கிற வடித்த தண்ணீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, "தண்ணி தண்ணிதானே" என்று என்னோடு வாதாடினார். கிராண்ட்பாஸில் ஒரு சலூனில் காலடி வைத்ததுமே வயர் கருகிய மணம் அடித்தது. முனையில் ஒரு நட் இறுகாமல் இருந்தது. முடி வெட்டுகிறவரும் முடி வெட்ட வந்தவர்களும் அது ஏதோ எண்ணெய் மணம் என்று நாள்கணக்காக நினைத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கடையே போயிருக்கும்.

கொச்சிக்கடையில் தேவாலயத்துக்குப் போகும் வழியில் மெழுகுதிரி விற்கும் ஒருவருடைய பற்றரி செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் படுத்துவிடும். மற்ற நாள்களில் ஒரு குறையும் இல்லை. நான் போனபோதெல்லாம் அளவுகள் சரியாக இருந்தன. இந்த விசயத்தை எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "செவ்வாய்க்கிழம அங்க யார் வருவாங்க?"

செவ்வாய்க்கிழமை அந்தத் தேவாலயத்தில் விசேட வழிபாடு; கொழும்பு முழுவதும் அங்கே வரும். சனம் கூடுவதால் பக்கத்தில் பால் விடாத பிளேன்ரீ விற்க ஒருவர் வருவார். அவருடைய மின்கேத்தல் எங்கள் இன்வேர்ட்டரில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. "பாவம் மல்லி, அந்த மனுசனும் பிழைக்கத்தானே வேணும்" என்றார் மெழுகுதிரிக்காரர்; தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்பார். கேத்தலை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் பூட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஃபரீனா. பொறியியல் படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னைப் பெனடிக்ட் அண்ணன் என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. புகழ்ந்தும் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். பிழையாக இருந்தால் "திரும்ப ஒருக்கா சொல்லுங்க" என்பார். திரும்பச் சொல்லும்போது பிழை எங்கே என்று நமக்கே விளங்கிவிடும்.

ஒரு வீட்டுக்குள் போனால் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வீட்டுக்காரர் சொல்லி முடிக்கும்வரை கருவிப் பையைத் திறக்கக் கூடாது. பையைத் திறந்துவிட்டால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பற்றரிகளுக்கு முன்னால் நிற்பார். தொட மாட்டார். வீக்கம் இருக்கிறதா, முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, எந்த வயர் நிறம் மாறியிருக்கிறது என்று பார்ப்பார். மூக்கால் இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மீற்றர். பனலில் இருந்து வருவது தனியாக, கொன்ட்ரோலரில் இருந்து போவது தனியாக, பற்றரியில் நிற்பது தனியாக. பற்றரியை ஓய்வாக விட்டு ஓர் அளவு. பாரம் கொடுத்து ஓர் அளவு. கழற்றுவதென்றால் முதலில் பனல், பிறகுதான் பற்றரி. பூட்டுவதென்றால் முதலில் பற்றரி. இது தலைகீழானால் கொன்ட்ரோலர் எரியும். எங்களில் யாராவது மாற்றிச் செய்யப் போனால் ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் தண்டனை.

இனி வெள்ளவத்தை வீடு.

காலி வீதியில் இருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் பழைய மாடி வீடு. சரோஜா டீச்சரும் கணவர் சிவபாதமும் மட்டும் இருந்தார்கள். டீச்சர் ஓய்வு பெற்றவர். கீழே முன் விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். சிவபாதம் ஐயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருக்கு நுரையீரல் வருத்தம். மேல்மாடி அறையில், பகலில் பெரும்பகுதியும் ஒட்சிசன் மெஷினோடு இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த அறைக்கு மட்டும் ஒரு சோலார் தொகுதி பூட்டியிருந்தோம். மெஷின், ஒரு காற்றாடி, ஒரு மின்குமிழ். இரவில் கரண்ட் இருந்தால் ஹோலில் இருந்து வயர் இழுத்துக்கொள்வார்கள். பிற்பகலில் அந்தப் பக்கம் நாள்தோறும் மின்வெட்டு. அப்போது சோலாரை விட்டால் வேறு வழியில்லை.

முதல் சில மாதங்கள் குறையில்லை. பிறகு டீச்சர் அழைத்தார். பொழுதுபடும் நேரத்தில் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது, அந்த நேரத்துக்குச் சிலிண்டரைப் பூட்டுகிறேன், சிலிண்டர் கிடைப்பதும் கஷ்டம் என்றார்.

காலையில் போனேன். எங்கள் ஒழுங்கு அப்படி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகள் காலையில், கொட்டாஞ்சேனைப் பக்கம் பிற்பகலில். மொட்டைமாடியில் வெயில் எரித்தது. பனல்களைத் துடைத்தேன். சார்ஜ் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினேன். பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு அறையிலும் அமிலத்தின் செறிவை எடுத்தேன். எல்லாமே குறைவு, ஏறத்தாழ ஒரே அளவில். இன்வேர்ட்டர் திரையில் அன்றாடச் செலவைப் பார்த்தேன். அந்த மெஷின் எடுக்க வேண்டியதைவிடக் குறைவாகத்தான் காட்டியது. வரவு நன்றாக இருக்கிறது, செலவு குறைவு, ஆனாலும் பொழுதுபட முன் பற்றரி படுக்கிறது. பற்றரிகள் தங்கள் கொள்ளளவை இழந்துவிட்டன என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது.

அந்த நாள்களில் பற்றரி இறக்குமதி நின்றுபோயிருந்தது. எங்கள் களஞ்சியத்தில் ஒரே ஒரு தொகுதிதான் புதிதாக இருந்தது. அது கிராண்ட்பாஸில் ஒரு பாலர் பாடசாலைக்கு என்று ஒதுக்கியது. ஃபரீனா மிஸ், "மூச்சு முதல்" என்றார். பாலர் பாடசாலை காத்திருந்தது. புதிய பற்றரிகளை வெள்ளவத்தையில் பூட்டினேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. டீச்சர் மறுபடியும் அழைத்தார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. பழையபடிதான் நிக்குது."

மறுபடியும் காலையில் போனேன். வரவு நல்லது. செலவு குறைவு. புதிய பற்றரியிலும் எல்லா அறைகளும் ஒரே மாதிரி இறங்கியிருந்தன. சிவபாதம் ஐயா கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வீண் அலைச்சல்" என்று மட்டும் சொன்னார்.

அலுவலகத்தில் விவரம் சொன்னேன். "திரும்ப ஒருக்கா சொல்லுங்க" என்றார் மிஸ். சொன்னேன்.

"பழுதான பற்றரி எண்டா ஒரு அறை விழும், மத்தது நிக்கும்" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி விழுந்தா அது பழுதில்ல, பசி. சாப்பாடு போகல்ல."

"காலையில நல்லாப் போகுது மிஸ். நான் பார்த்தனான்."

"ம். அப்ப நாளைக்கி நீங்க பார்க்காத நேரத்தில போவோம். மத்தது, அந்தச் செலவு ஏன் குறையுது? பசிச்ச பற்றரிய யாரோ மிச்சம் பிடிச்சிப் பாவிக்கிற மாதிரி ஈக்கிது."

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் போனோம். டீச்சரின் வகுப்புத் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர்தான் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். முழங்கால் நோவால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார்.

மேலே ஏறியதும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. கடல் பக்கமாக, மதிலுக்கு அடுத்த காணியில் தொடர்மாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. நாங்கள் பனல் பூட்டியபோது அங்கே தூண்களும் கம்பிகளும்தான். இப்போது ஆறாம் மாடிக்குச் சுவர் வைத்து, பச்சை வலை சுற்றியிருந்தார்கள். வெயில் இன்னும் உச்சியை விட்டு அதிகம் சாயவில்லை. அந்தச் சுவரின் நிழல் எங்கள் பனல்களில் பாதியை ஏற்கெனவே மூடியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பனலின் விளிம்பில் ஏறியது. பனல்களை ஒன்றோடொன்று தொடராகத்தான் கோத்திருந்தோம். ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றதும் சோரும். மீற்றரைப் பிடித்தேன். வரவு ஏறத்தாழ ஒன்றும் இல்லை.

டீச்சர் சுற்றிப் பார்த்தார். "நானும் யோசிச்சனான், மோர் மிளகாய் ஏன் காயுதில்லையெண்டு. மழைக்குணமாக்கும் எண்டு விட்டிட்டன்."

மிஸ் மொட்டைமாடியின் நீளத்தை நடந்து பார்த்தார். ஒழுங்கைப் பக்கம், முன் விறாந்தைக்கு மேலே உள்ள கூரையில் இன்னும் வெயில் இருந்தது. "பாதிய அங்க கொண்டுபோவோம். ரெண்டு பிரிவாக் கோப்போம். இங்க நிழல் விழுந்தாலும் அங்க உள்ளது ஓடும்" என்றார். டீச்சரின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கீழே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவர் வகுப்புக்கு இறங்கிப்போனார்.

நாங்கள் இருவரும் அளவெடுத்துவிட்டு மேல்மாடிக்கு இறங்கி வந்தோம். அப்போது இன்வேர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது. பற்றரி இறங்குகிறது என்கிற எச்சரிக்கை. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே போக எடுத்த காலை மிஸ் கையால் மறித்தார்.

சிவபாதம் ஐயா கட்டிலில் இருந்தபடியே கைத்தடியை எடுத்தார். தடியின் நுனியால், குறி தவறாமல், மெஷினின் சுவிட்சை அமத்தினார். மெஷின் நின்றது. சிறிது நேரத்தில் கீச்சுச் சத்தமும் நின்றது. மூக்கில் இருந்த குழாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யன்னல் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து மூச்சு எடுக்கத் தொடங்கினார். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக எடுத்தார். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பழக்கப்பட்ட வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மிஸ் உள்ளே போய் மெஷினைப் போட்டார். உடனே கீச்சுச் சத்தம் திரும்பவும் எழுந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட, மூலையில் இருந்த சிலிண்டரை நான் திறந்து குழாயை மாற்றிக் கொடுத்தேன். ஐயா எங்களைப் பார்த்தார். களவு பிடிபட்டவர் மாதிரி இல்லை, களைத்திருந்தார்.

"எத்தன நாளா ஐயா?" என்று மிஸ் கேட்டார்.

"இது கீச்சிடத் தொடங்கின நாளில இருந்துதான் மகள்." மூச்சுக்கு இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார். "கீழ அவ படிப்பிச்சுக்கொண்டு நிப்பா. இந்தச் சத்தம் கேட்டா பிள்ளையள விட்டிட்டு ஓடி வருவா. முதல் நாள் அப்பிடி வரேக்க படியில விழுந்தவ. இன்னொருக்கா விழுந்தா எங்கள ரெண்டு பேரையும் ஆர் பார்க்கிறது? வகுப்பு முடியுமட்டும் நான் சமாளிப்பன். அவ வரமுதல் போட்டிருவன்."

"மெஷின நிப்பாட்டினதால செலவு குறைவாக் காட்டிச்சிது. அதப் பார்த்துத்தான் பற்றரி பழுதெண்டு நினைச்சோம்."

"அது எனக்குத் தெரியாது மகள்."

"ம்" என்றார் மிஸ். முதல் தடவையாக அந்த "ம்" எனக்கு விளங்கவில்லை.

ஐயா என்னைப் பார்த்தார். "தம்பி, டீச்சருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

மிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தார். வாடிக்கையாளர் வீட்டில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"நான் சொல்லமாட்டேன்" என்றார். "நீங்க சொல்லுங்க. அவங்க வகுப்பு முடிஞ்சி வாறவரைக்கும் நாங்க இங்க ஈக்கிறோம்."

இருந்தோம். கீழே டீச்சரின் குரல் பின்னக் கணக்கு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தது. ஐயா ஒருமுறை, "நல்லாப் படிப்பிப்பா" என்றார்.

வகுப்பு முடிந்து டீச்சர் ஏறி வந்தார். நாங்கள் இன்னும் போகவில்லை என்பதையும், சிலிண்டர் திறந்திருப்பதையும் கண்டு வாசலில் நின்றார்.

"என்ன?"

ஐயா சொன்னார். எங்களுக்குச் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். படியில் விழுந்ததைச் சொல்லவில்லை.

டீச்சர் உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். ஐயாவின் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ நிண்டு, இண்டைக்குச் சத்தம் போடேல்ல, நல்லா இருக்கிறார் எண்டு நினைச்சனான்" என்றார். "ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் நினைச்சனான்."

"நல்லாத்தானே இருந்தனான்" என்றார் ஐயா.

"பேசாதேங்கோ. மூச்சு வாங்குது."

அதற்கு மேல் அங்கே நிற்பது சரியில்லை. நாங்கள் இறங்கி வந்தோம். எங்கள் வாகனத்தில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினோம். அலுவலகத்துக்குள் நுழையும்போது, "ரெண்டாந்தரம் ஒரு வீட்டுக்குப் போறதெண்டா, முதல் போன நேரத்தில போகக் கூடாது. எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் ஒழுங்குகளில் ஒன்றாகிவிட்டது.

பழைய பற்றரிகளைப் பட்டறையில் வைத்து மெல்ல மெல்லச் சார்ஜ் ஏற்றினேன். எல்லா அறைகளும் ஒன்றாக இறங்கியது போலவே ஒன்றாக ஏறின. அவற்றில் ஒரு பழுதும் இருக்கவில்லை. அவற்றைத்தான் கிராண்ட்பாஸ் பாலர் பாடசாலைக்குப் பூட்டிக் கொடுத்தோம்.

வெள்ளவத்தையில் பனல்களைப் பிரித்து மாற்ற இரண்டு நாள் பிடித்தது. விறாந்தைக் கூரையின் ஓட்டுக்கு மேலே இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டினோம். காலையில் எல்லாம் சேர்ந்து ஓடும். பிற்பகலில் முன்பக்கம் மட்டும் ஓடும். மெஷினை நிறுத்தாமலே பொழுதுபடும்வரை பற்றரி தாங்கியது. மழை நாள்களில் மட்டும் சத்தம் வரலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். சிவபாதம் ஐயா அதற்குப் பிறகும் நீண்ட நாள் இருந்தார். நான் ஓய்வு பெறும்போதும் அந்த அறையில்தான் இருந்தார்.

வேலை முடிந்த அன்று கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டார்.

"தம்பி, அந்தச் சத்தத்தக் கீழேயும் கேக்கப் பண்ண ஏலுமோ? பிள்ளையள் சத்தம் போட்டாலும் எனக்குக் கேக்கோணும்."

ஏலும் என்றேன். இன்வேர்ட்டரில் இருந்து ஒரு மெல்லிய வயரை யன்னல் வழியாக இறக்கி, விறாந்தையில் கரும்பலகைக்கு மேலே ஒரு சின்ன மணியைப் பூட்டினேன். மேலே இருந்து ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் பூட்டிய பிறகு டீச்சரைக் கரும்பலகைக்குக் கிட்ட நிற்கச் சொன்னேன்.

"நான் இப்ப மேல போய் ஒருக்கா அடிச்சுப் பார்க்கிறன் டீச்சர். கேட்டா அங்க இருந்தே சொல்லுங்கோ. நீங்க வரத் தேவையில்ல."

"ஓம்" என்றார்.

மேலே போய் இரண்டு வயர் நுனிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தேன். கீழே மணி அடித்தது. நல்ல உரத்த சத்தம். கையை எடுத்தேன். பதில் வரவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஐயா கட்டிலில் இருந்தபடியே கதவுப் பக்கம் திரும்பி, "சரோ, தம்பி சும்மா அடிச்சுப் பார்த்தது. ஒண்டுமில்ல, நில்லும்" என்று தன்னால் முடிந்த குரலில் சொன்னார்.

அது டீச்சருக்குக் கேட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து அவர் ஏறிக்கொண்டேதான் இருந்தார்.